ஜெயித்தது போச்சு, தோற்றது இருக்கு!

உலகின் முதல் செயற்கைக்கோளை நேரில் பார்க்க உங்களுக்கு ஆசை என்று வைத்துக்கொள்வோம். மியூசியங்களில் பளபளவென்று ஸ்புட்னிக் தொங்கும். நம்பிவிடாதீர்கள், அத்தனையும் நகல்!

அசலை சோவியத் யூனியன் 1957 அக்டோபர் 4 அன்று வானுக்கு அனுப்பியது. 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை. நாலு ஆன்டெனா. எடை 83.6 கிலோ. மூன்று வாரம் 'பீப் பீப்' என்று கத்தி அமெரிக்காவின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு, பேட்டரி தீர்ந்து ஊமையானது. 1958 ஜனவரி 4 அன்று காற்றுமண்டலத்தில் இறங்கி எரிந்தே போனது.

மிஞ்சியது என்ன தெரியுமா? ஒரு சாவி. ஏவும்வரை பேட்டரியும் டிரான்ஸ்மிட்டரும் தொட்டுக்கொள்ளாதபடி தடுத்து வைத்திருந்த சின்ன உலோகத் துண்டு. கூடவே போகாததால் தப்பித்தது. வேடிக்கை பாருங்கள், அது இருப்பது அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் மியூசியத்தில்!

அசலுக்கு வழியில்லை என்றால் நகலுக்கு மவுசு வராதா? 2017-ல் நியூயார்க்கில் பான்ஹாம்ஸ் நிறுவனம் ஸ்புட்னிக்கின் சோதனை மாதிரி ஒன்றை ஏலம் விட்டது. ஒருநாளும் வானத்துக்குப் போகாத அந்த உருண்டை 8 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது.

அதே ஸ்மித்ஸோனியன் வசம் இன்னொரு உருண்டையும் இருக்கிறது. கிட்டத்தட்ட பம்ப்ளிமாஸ் பழ சைஸ். ஒன்றரை கிலோகூடத் தேறாது. ரஷ்யாவுக்குப் பதிலடியாக 1957 டிசம்பர் 6 அன்று அமெரிக்கா கிளப்பிய வான்கார்டு அது. பத்திரிகைக்காரர்கள் ஆவலோடு காத்திருக்க, ராக்கெட் ஒரு ஆள் உயரம்கூட எழும்பவில்லை. இரண்டே விநாடி. தொப்பென்று உட்கார்ந்து வெடித்தது. உச்சியில் இருந்த செயற்கைக்கோள் மட்டும் தூரப்போய் விழுந்தது. விழுந்தும் சும்மா இருந்ததா? வானத்துக்கே போய்விட்டதாக நினைத்துக்கொண்டு சமர்த்தாக சிக்னல் அனுப்ப ஆரம்பித்துவிட்டது! பத்திரிகைகள் 'ஃப்ளாப்னிக்' என்று பெயர் வைத்து மானத்தை வாங்கின.

ஆனாலும் விடவில்லை. அதன் தம்பி வான்கார்டு-1, 1958 மார்ச் 17 அன்று ஒழுங்காக மேலே போய்ச் சேர்ந்தது. 1964-ல் குரல் அடங்கியது. ஆனால் இன்னும் பூமியைச் சுற்றுகிறது. மனிதன் அனுப்பி இன்றும் விண்வெளியில் சுற்றும் பொருட்களில் அதுதான் சீனியர்!

ஊரே கைகொட்டிச் சிரித்த அண்ணனோ, வளைந்த ஆன்டெனாவும் நசுங்கிய உடம்புமாகத் தரையிலேயே தங்கிவிட்டது. அந்தக் காலத்து அசல் ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? வாஷிங்டன் போனால் அந்தத் தோற்றுப்போன உருண்டையை விசாரியுங்கள். அன்று அது ஒழுங்காகப் பறந்திருந்தால், இன்று அந்த மியூசியத்தில் இருந்திருக்காது.