பாறசாலையின் பள்ளிக் கணினியும் பழைய பதிப்பும்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைப் பகுதித் தமிழ் மாணவரின் கணினிக் கல்வியும் அதனால் கேரள அரசின் வழியிலேயே அமைந்தது.

2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், அப்பத்தாண்டிலேயே பள்ளிக் கணினிகளைக் குனு/லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் அது 'கைட்' நிறுவனமாயிற்று. அதன் 18.04, 22.04 பதிப்புகள் உபுண்டுவின் நீண்டகால ஆதரவு வெளியீடுகளை அடித்தளமாகக் கொண்டவை. இவ்வெளியீடுகளுக்கு ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அறிவியல் மென்பொருள்களோ பெரும்பாலும் வெளியான நாளின் பதிப்பிலேயே நிற்கும். ஜியோஜீப்ரா 5.0 வந்தது 2014இல், உபுண்டு 18.04இன் களஞ்சியத்தில் இருந்ததோ 4.0.

செய்முறைத் தேர்வு நடத்தும் பள்ளிக்கு இந்நிலைத்தன்மை நன்மையே: எல்லா மாணவரும் ஒரே பதிப்பில் பயில்வர். ஆய்வாளருக்கு நிலைமை வேறு. 18.04இல் 'ஆர்' 3.4 இருந்தது, 2020இல் 4.0 வெளிவந்தது. அட்டவணையிலுள்ள சொற்களைத் தானாகவே வகைமாறிகளாக்கும் பழைய இயல்பமைவு அதில் கைவிடப்பட்டது. எனவே, ஒரே வட்டாரவழக்குத் தரவு, ஒரே நிரல், இரு கணினிகளில் இரு விளைவுகளைத் தரக்கூடும்.

ஆகவே இயங்குதளத்தை நிலையாக வைத்து, ஆய்வு மென்பொருளை அதன் உருவாக்குநரின் களஞ்சியத்திலிருந்து புதுப்பிப்பதே தக்கது. தகவலாளியின் ஊரையும் வயதையும் குறிக்கும் நாம், பதிப்பெண்ணையும் ஆய்வேட்டில் குறிக்க வேண்டும்.