சிக்கிமுக்கிக் கற்கருவிகளும் சேகரிப்பாளர்களும்

சிக்கிமுக்கிக் கல் சுண்ணப் பாறை அடுக்குகளின் இடையே முண்டு முண்டாகக் கிடைக்கும் ஒருவகைச் சிலிக்காக் கல். உடைக்கும்போது கண்ணாடியைப் போலச் சில்லு சில்லாகப் பெயர்ந்து கூரிய விளிம்பைத் தரும். தீ மூட்டவும் துப்பாக்கி வெடிக்கவும் பயன்பட்ட இதே கல்லில்தான் ஐரோப்பாவின் பழங்கற்கால மக்கள் கைக்கோடரிகளைச் செய்தனர். கையில் அடங்கும் அளவும், இருபுறமும் ஒத்த வடிவமும், நெடுங்காலம் மண்ணில் கிடந்து ஏறிய மஞ்சள் அல்லது வெண்ணிற மேற்பூச்சும் சேகரிப்பாளர்களை ஈர்த்தன.

பிரான்சின் அபெவில் நகரில் சுங்க அதிகாரியாக இருந்த பூஷே தெ பெர்த், சோம் ஆற்றின் சரளைப் படிவுகளில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு இக்கருவிகள் கிடைப்பதை 1840களிலேயே எடுத்துக்காட்டினார். அறிஞர்கள் பலர் நம்பவில்லை. 1859 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து சென்ற ஜோசப் பிரெஸ்ட்விச், ஜான் எவன்ஸ் இருவரும், படிவில் பதிந்திருந்த கைக்கோடரி ஒன்றை நேரில் கண்டு ஒளிப்படம் எடுக்கச் செய்தனர். மனிதனின் தொன்மை அதன்பின் ஏற்கப்பட்டது. எவன்ஸ் தொழிலால் காகித ஆலை முதலாளி. பழைய நாணயங்களையும் கற்கருவிகளையும் சேர்ப்பதில் தணியாத விருப்பம் கொண்டவர்.

புகழ் வந்ததும் விலையும் வந்தது. சோம் பள்ளத்தாக்கின் சரளைக் குழித் தொழிலாளர்கள் இக்கருவிகளை 'பூனை நாக்கு' என்று அழைத்து, வருவோருக்கு விற்றனர். கிடைக்காதபோது தாங்களே செய்தனர். மனித எலும்பு கண்டெடுப்பவருக்கு 200 பிராங்க் தருவதாக பூஷே தெ பெர்த் அறிவித்திருந்தார். 1863 மார்ச்சில் முலாங்-கினியோன் குழியில் மனிதத் தாடை எலும்பு ஒன்று 'கிடைத்தது'. பிரெஞ்சு, ஆங்கில அறிஞர்கள் கூடி ஆராய்ந்து, அது உண்மையானதே என்று முடிவு செய்தனர். ஆனால் உடன் கிடைத்த கைக்கோடரிகள் புதிதாகச் செய்யப்பட்டவை என்பதில் எவன்ஸ் உறுதியாக இருந்தார். பின்னர் தாடையும் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்டதே எனத் தெளிவாயிற்று. ஆர்வலரின் பரிசுப் பணமே ஆய்வைக் கெடுத்த கதை இது.

இங்கிலாந்தில் இத்தொழிலில் பெயர் பெற்றவர் 'பிளின்ட் ஜாக்' என்ற எட்வர்ட் சிம்சன். யார்க்சயரைச் சேர்ந்த இவர் புதைபடிவங்களைச் சேகரித்து விற்றுவந்தார். ஒருவர் காட்டிய பழைய அம்பு முனையைப் போல ஒன்று செய்து பார்த்ததிலிருந்து போலித் தொழிலில் இறங்கினார். நாடெங்கும் நடந்தே சென்று, அருங்காட்சியகங்கள் வரை தம் சரக்கை விற்றார். 1862இல் லண்டனில் புவியியல் ஆர்வலர்கள் முன்னிலையில் அம்பு முனைகளைச் செய்தும் காட்டினார். குடிப்பழக்கம் அவரைக் கெடுத்தது. 1867இல் திருட்டுக் குற்றத்திற்காகச் சிறை சென்றார். சிறை சென்றது கற்கருவிகளால் அல்ல என்பதுதான் வேடிக்கை.

போலியை அறிய வழிகள் உண்டு. புதிதாக உடைத்த பரப்பில் மேற்பூச்சோ பளபளப்போ இராது, விளிம்பு தேய்ந்திராது, இரும்புச் சுத்தியல் பட்ட தடமும் தெரியலாம். ஆனால் உண்மையான கருவியும் எந்தப் படிவில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் ஆய்வாளருக்குப் பாதிப் பயனே தரும். அழகிய கைக்கோடரிகளுக்கே காசு என்பதால் தொழிலாளர்கள் சில்லுகளைத் தூக்கி எறிந்தனர். கருவி செய்யப்பட்ட முறையைச் சொல்லக்கூடியவை அந்தச் சில்லுகளே.

தமிழகத்தின் பழங்கற்கால மக்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் குவார்ட்சைட்டு என்னும் கல். சோம் கண்டுபிடிப்புகளால் தூண்டப்பட்ட இராபர்ட் புரூஸ் பூட், முலாங்-கினியோன் சர்ச்சை நடந்த அதே ஆண்டில், 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் முதல் கற்கருவியைக் கண்டெடுத்தார். அவரும் சேகரிப்பாளரே. எனினும் புவியியலாளர் என்பதால் இடத்தையும் படிவையும் குறித்துவைத்தார். அவருடைய சேகரிப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது.