சிறு தொலைநோக்கி

வீட்டு மொட்டைமாடியிலோ முற்றத்திலோ தனியொருவர் எடுத்து நிறுத்தி, சந்திரன், கிரகங்கள், நட்சத்திரங்கள் முதலியவற்றைக் காண்பதற்கு உதவும் கருவி. இதன் முகப்பு வில்லை அல்லது ஆடி பெரும்பாலும் 60 முதல் 150 மில்லிமீட்டர் வரை விட்டமுடையது.

வரலாறு: 1608இல் ஹாலந்தில் ஹான்ஸ் லிப்பர்ஷே என்னும் மூக்குக்கண்ணாடித் தொழிலாளர் இத்தகைய கருவிக்கு உரிமை கோரினார். அச்செய்தி கேட்டுத் தாமே ஒன்றைச் சமைத்துக்கொண்ட கலீலியோ, ஏறத்தாழ 20 மடங்கே பெருக்கிக் காட்டிய குழாயைக் கொண்டு, 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு உபக்கிரகங்களைக் கண்டறிந்தார். 1668இல் நியூட்டன், வில்லைக்குப் பதிலாகக் குழியாடியை அமைத்துப் பிரதிபலிப்புத் தொலைநோக்கியை உண்டாக்கினார். தொழிலால் சங்கீத வித்வானாகிய வில்லியம் ஹெர்ஷல், தம் கையாலேயே தேய்த்து மெருகிட்ட 6.2 அங்குல ஆடியுடன், இங்கிலாந்தின் பாத் நகரில் தம் இல்லத்துத் தோட்டத்திலிருந்து 1781 மார்ச் 13ஆம் நாள் யுரேனஸ் கிரகத்தைக் கண்டது, இல்லத்துத் தொலைநோக்கியின் சரித்திரத்தில் தலையாய நிகழ்ச்சியாகும்.

ஆற்றல்: தொலைநோக்கியின் முதற்பணி ஒளியைத் திரட்டுவது, உருவைப் பெருக்குவது அதற்கு அடுத்ததே. திரளும் ஒளி விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், 60 மில்லிமீட்டர் வில்லை, இருளில் 7 மில்லிமீட்டர் வரை விரியும் கண்மணியைக் காட்டிலும் 70 மடங்குக்கு மேற்பட்ட ஒளியைத் தருகிறது. முகப்பு வில்லையின் குவியத் தூரத்தைக் கண்வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் பெருக்கம் கிடைக்கும். 700 மில்லிமீட்டர் குழாயில் 20 மில்லிமீட்டர் கண்வில்லையை இட்டால் 35 மடங்கு. விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2 மடங்கு என்பதே பயன்தரும் எல்லையாதலால், 60 மில்லிமீட்டர் கருவியின் பெட்டிமீது 400 மடங்கு என்று அச்சிட்டிருப்பது வெறும் விளம்பரமே. அந்நிலையில் உருவம் பெருக்குமேயன்றித் தெளிவு பெறாது. மேலும், பூமியின் சுழற்சியால், 100 மடங்குப் பெருக்கத்தில் ஒரு கிரகம் ஏறத்தாழ இரண்டே நிமிஷத்தில் பார்வைப் புலத்தைக் கடந்து போய்விடுமாதலால், குழாயை அடிக்கடி திருப்பிக்கொள்வதற்கு ஆட்டமில்லாத முக்காலி இன்றியமையாதது.

காணத்தக்கவை: சந்திரனைப் பௌர்ணமியன்று பார்ப்பதைவிட வளர்பிறையின் எட்டாம் நாளையொட்டிப் பார்ப்பதே சிறப்பு, பகலும் இரவும் சந்திக்கும் எல்லையில் சூரிய கிரணங்கள் சாய்வாக விழுவதால், பள்ளங்களின் விளிம்புகள் ஒளிர, அவற்றின் நிழல்கள் நீண்டு கிடக்கும். வியாழனின் உபக்கிரகங்களுள் அயோ 42 மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஒருமுறை சுற்றுவதால், ஒரே இரவில் மணிக்கு ஒரு படம் வரைந்து வைப்பவர் அதன் இடப்பெயர்ச்சியைத் தாமே உணரலாம். கலீலியோவுக்குப் புரியாதிருந்து, 1659இல் ஹைகன்ஸ் விளக்கிய சனியின் வளையம் 30 மடங்குப் பெருக்கத்திலேயே தென்படும். நம் திருமணங்களில் மணமக்களுக்குக் காட்டப்பெறும் அருந்ததியின் அருகிலுள்ள வசிஷ்ட நட்சத்திரம், கருவியில் இரண்டாகப் பிரிந்து தோன்றும். ஓரியன் மண்டலத்தின் மூன்று நட்சத்திரங்களுக்குத் தெற்கே காணும் நெபுலா, புகைப்படங்களில் உள்ள செந்நிறமின்றிச் சாம்பல் மேகமாகவே தெரியும். மங்கிய ஒளியில் கண் நிறங்களை உணராமையே காரணம். அத்தகையவற்றை நேரே உற்று நோக்காமல், பார்வையைச் சற்று ஒதுக்கிப் பார்த்தால் நன்கு புலப்படும்.

முறை: கண் இருளுக்குப் பழக அரைமணி நேரம் வேண்டும், இடையில் குறிப்பெழுத மங்கிய சிவப்பு விளக்கையே பயன்படுத்த வேண்டும். வெயிலில் காய்ந்த தளத்திலிருந்து எழும் வெப்பக்காற்று உருவை நடுங்கச் செய்யுமாதலால், மாடியைவிட மண்தரையும், முன்னிரவைவிடப் பின்னிரவும் ஏற்றவை.

எச்சரிக்கை: சுக்கிரனின் பிறைவடிவை அந்தியில் காண விரும்புவோர், சூரியன் முற்றும் மறைந்த பின்னரே குழாயைத் திருப்ப வேண்டும். சூரியனைப் பார்ப்பதற்கெனக் கண்வில்லையில் திருகிப் பொருத்தும் கறுப்புக் கண்ணாடி, குவிந்த வெப்பத்தால் வெடித்துவிடக்கூடும். குழாயின் முகப்பு முழுவதையும் மூடும் தக்க வடிகட்டியின்றிச் சூரியனை ஒரு கணம் நோக்கினும் பார்வை நிலையாகக் கெடும். ஆகவே பகலில் இக்கருவியைச் சிறுவரிடம் தனியே விடலாகாது.