மில்லே மிலியா

மில்லே மிலியா என்பது வட இத்தாலியின் பிரெஷா நகரில் புறப்பட்டு, ரோம் வரை சென்று, பிரெஷாவுக்கே திரும்பும் பழைய கார்களின் சாலை ஓட்டம். பெயருக்கு ‘ஆயிரம் மைல்’ என்று பொருள். ஓடும் தொலைவு ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். 1927 முதல் 1957 வரை 24 முறை இது வேகப் பந்தயமாக நடந்தது. 1977இல் மீண்டும் தொடங்கியபோது நேரத் துல்லியப் போட்டியாக மாறியது. அந்த மாற்றம்தான் இந்த ஓட்டத்தையும், இதில் ஓடிய கார்களையும் இன்றுவரை சாலையில் வைத்திருக்கிறது.

தோற்றம்

முதல் இத்தாலிய கிராண்ட் பிரி 1921இல் பிரெஷாவை அடுத்த மோந்திகியாரியில் நடந்தது. மறு ஆண்டே மிலானுக்கு அருகில் மோன்சா ஓடுகளம் கட்டப்பட்டு, பந்தயம் அங்கே போய்விட்டது. பிரெஷாக்காரர்களுக்கு அது பெரிய மனக்குறை. ஆய்மோ மாஜி, ஃபிராங்கோ மாட்ஸோட்டி என்ற இரு இளம் பிரபுக்கள், அமைப்பாளர் ரென்ஸோ காஸ்தஞேத்தோ, பத்திரிகையாளர் ஜியோவன்னி கனெஸ்ட்ரீனி ஆகிய நால்வரும் அதற்கு விடையாகக் கண்டது, ஓடுகளமே தேவைப்படாத ஒரு பந்தயம். நாட்டின் சாதாரணச் சாலைகளே போதும் என்று முடிவெடுத்தார்கள்.

1927 மார்ச் 26இல் முதல் ஓட்டம் புறப்பட்டது. முதல் மூன்று இடங்களையும் பிரெஷாவிலேயே தயாரான ஓ.எம். கார்கள் பிடித்தன. வென்ற மினோயா, மொராந்தி இணை 21 மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டது. சராசரி வேகம் மணிக்கு 77 கிலோமீட்டர். அன்றைய சாலைகளில் பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான் என்பதை நினைத்தால், அந்த வேகம் எத்தனை துணிச்சலானது என்பது விளங்கும்.

பந்தயக் காலம்

கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சிறியவை முதலிலும் வேகமானவை கடைசியிலும் அனுப்பப்பட்டன. எனவே முதலில் வந்து சேர்பவர் வென்றவர் ஆகிவிடமாட்டார். எடுத்துக்கொண்ட நேரமே கணக்கு. 1930இல் தாஸியோ நுவோலாரி, ஆல்ஃபா ரோமியோ காரில் முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டர் சராசரியைத் தாண்டி வென்றார். தமக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த அக்கிலே வார்ஸியை, முகப்பு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் அணுகி முந்தினார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. நுவோலாரி வார்ஸிக்குப் பின்னால் புறப்பட்டவர், முந்தாமலே வென்றிருக்கலாம். ஆனாலும் அந்தக் கதையை இத்தாலியர்கள் விடுவதாக இல்லை. மறு ஆண்டு மெர்சிடிஸ் காரில் வந்த ஜெர்மானியர் ருடால்ஃப் கராச்சியோலா, இத்தாலியர் அல்லாத முதல் வெற்றியாளர் ஆனார். அதிக முறை வென்றவர் கிளெமென்தே பியொந்தெட்டி. 1938, 1947, 1948, 1949 என நான்கு முறை.

1955ஆம் ஆண்டு ஓட்டம் தனியாகப் பேசத்தக்கது. பிரிட்டனின் ஸ்டெர்லிங் மாஸ் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். காரை ஓட்ட, அருகில் பத்திரிகையாளர் டெனிஸ் ஜென்கின்சன் அமர்ந்திருந்தார். காரின் எண் 722. காலை 7:22க்குப் புறப்பட்டதால் அந்த எண். முன்னதாகவே சாலையைப் பலமுறை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் ஜென்கின்சன் குறித்துவைத்திருந்தார். ஐந்து மீட்டருக்கும் மேல் நீண்ட அந்தக் காகிதச் சுருளை, கண்ணாடி போன்ற மூடியுள்ள சிறு உலோகப் பெட்டிக்குள் வைத்து, குமிழைத் திருகித் திருகிப் படித்தார். இயந்திர இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் எல்லாமே கைச்சாடைதான்: மேட்டுக்கு அப்பால் சாலை நேரா, வளைவா என்பதை விரல்கள் சொல்ல, மாஸ் கண்ணால் காணாத சாலையை நம்பி முழுவேகத்தில் ஏறினார். 10 மணி நேரம் 7 நிமிடம் 48 வினாடியில் பிரெஷா திரும்பினார்கள். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டர். அதை எவரும் முறியடிக்கவில்லை.

இந்த வேகத்துக்கு விலை கொடுத்தவர்களில் பலர் சாலையோரம் நின்றவர்கள். 1938இல் பொலோஞாவில் ஒரு கார் கூட்டத்துக்குள் புகுந்து 10 பேர் இறந்தனர். முசோலினி அரசு பந்தயத்தைச் சில காலம் தடை செய்தது. 1957 மே 12 அன்று, முடிவிடத்துக்குச் சற்று முன்பாக, மாந்துவா மாவட்டத்தின் குவிதிட்ஸோலோவுக்கு அருகே ஸ்பானியப் பிரபு அல்ஃபோன்ஸோ தே போர்த்தாகோவின் ஃபெராரி டயர் வெடித்துத் தூக்கி எறியப்பட்டது. அவரும் துணை ஓட்டுநர் எட்மண்ட் நெல்சனும் பார்வையாளர்கள் ஒன்பது பேரும் மாண்டனர். அந்த ஒன்பதில் ஐவர் குழந்தைகள். என்ஸோ ஃபெராரி மீது வழக்குத் தொடரப்பட்டு, 1961இல்தான் விடுவிக்கப்பட்டார். அந்த விபத்தோடு வேகப் பந்தயம் முடிந்தது. முடிந்தது நியாயமே. வேலியில்லாத ஊர்ச் சாலையில் குழந்தைகள் நிற்க, அவர்களைக் கடந்து அத்தனை வேகத்தில் கார் பறப்பதை எந்தப் பெருமையாலும் ஈடுகட்ட முடியாது.

இன்றைய ஓட்டம்

பந்தயத்தின் ஐம்பதாம் ஆண்டான 1977இல் நினைவு ஓட்டமாகத் தொடங்கியது, 1982 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறையும், 1987 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. 1927–1957 பந்தயங்களில் இடம்பெற்ற கார் வகைகளுக்கு மட்டுமே அனுமதி. சுமார் 400 கார்கள் வருகின்றன: புகாட்டி, ஆஸ்டன் மார்ட்டின், ஜாகுவார், சிறகுபோல் கதவு திறக்கும் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்., அவற்றோடு முகப்பே கதவாகத் திறக்கும் குட்டி இசெட்டாவும். பிரெஷாவின் வித்தோரியா சதுக்கத்தில் ஒவ்வொரு காரும் சோதிக்கப்பட்டு முத்திரை பெறும். பின் நான்கைந்து நாள் பயணம். ஃபூத்தா, ரத்திகோசா மலைக்கணவாய்கள் இந்த வழியின் புகழ்பெற்ற பகுதிகள்.

போட்டி நடக்கும் விதம் எளிது, செய்வது கடினம். சாலையின் குறுக்கே மெல்லிய ரப்பர் குழாய் கிடக்கும். முன்சக்கரம் அதை அழுத்தியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். சற்றுத் தொலைவில் அடுத்த குழாய்; அதைக் குறித்த வினாடியில் சரியாக மிதிக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் நூற்றில் ஒரு பங்கு வினாடிக்குக்கூடப் புள்ளி குறையும். இப்படி ஒரு நேரச் சோதனை முடியும் குழாயிலேயே அடுத்தது தொடங்கிவிடுவதும் உண்டு. வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்து ‘ஐந்து, நான்கு, மூன்று’ என்று உரக்க எண்ண, ஓட்டுநர் கால்நுனியால் காரை அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். கிடைத்த புள்ளியைக் காருக்குரிய பெருக்கெண்ணால் பெருக்குவார்கள். போருக்கு முந்தைய கார்களுக்கு அது கூடுதல். ஆகவே புதிய, வலிமையான காரால் மட்டும் வென்றுவிட முடியாது. இப்போட்டியைப் பத்து முறை வென்ற ஜூலியானோ கானேவுக்குப் பல வெற்றிகளில் வழிகாட்டியாக அருகில் இருந்தவர் அவருடைய மனைவி. 2020 முதல் தொடர்ச்சியாக வென்றுவந்த ஆந்த்ரேயா வெஸ்கோ, பிரெஷா வட்டாரத்துக்காரர்.

கோடிக்கணக்கில் விலைபோகும் கார்களை மழையிலும் மலையிலும் ஓட்டுவதைச் சேகரிப்பாளர்களில் சிலர் விரும்புவதில்லை. ஆனால் ஓடாமல் நிற்கும் காரில் ரப்பர் இறுகும், உலோகம் துருவேறும். அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் குறைந்துபோகும். ஆண்டுக்கொருமுறை இந்த ஓட்டம் இருப்பதால்தான் பல பட்டறைகளில் அந்தத் தொழில் தொடர்கிறது.

பிரெஷாவின் பழைய சாந்த எவுஃபேமியா மடாலயத்தில் இப்பந்தயத்துக்கென ஓர் அருங்காட்சியகம் உள்ளது. ஓட்டத்தில் பங்கேற்கத் தகுதியான காரும் பெருந்தொகைக் கட்டணமும் வேண்டும். சாலையோரம் நின்று பார்க்கக் கட்டணம் கிடையாது.