சும்மா கிடக்கும் கணினியை இரவல் கொடுக்கலாமா?

வீட்டில் ஒரு கணினி ஐந்து மணி நேரம் ஓடுகிறது என்றால், அதில் பெரும்பகுதி நேரம் அதன் புராசசர் சும்மாதான் இருக்கிறது. கடிதம் தட்டச்சு செய்வதற்கும் பாட்டு கேட்பதற்கும் அதன் சக்தியில் ஒரு சிறு பங்கு போதும். மிச்சமெல்லாம் வீண். இந்த மிச்சத்தை ஊர் ஊராகத் திரட்டினால் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கிடைத்துவிடுமே என்ற யோசனைதான் தன்னார்வப் பகிர்வுக் கணிமை. பெரிய கணக்கு ஒன்றைத் துண்டு துண்டாக்கி, முன்பின் தெரியாத லட்சக்கணக்கான பேரின் கணினிகளுக்கு அனுப்பி, விடைகளை வாங்கிக் கோர்ப்பார்கள். கூலி கிடையாது. பட்டியலில் பெயர் வரும், அவ்வளவுதான்.

யோசனை என்னவோ அழகானதுதான். ஆனால் எங்கோ இருக்கும் யாரோ எழுதிய நிரலை, வங்கி விவரமும் குடும்பப் புகைப்படங்களும் இருக்கும் அதே கணினியில் இரவு பகலாக ஓட விடலாமா? வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுத்த கதையாகிவிடாதா? இதற்கு ஊகமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ முப்பது வருட அனுபவம் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்தாலே போதும்.

பகா எண்ணும் வேற்றுக்கிரகமும்

1996 ஜனவரியில் ஜார்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்க நிரலாளர் 'கிம்ப்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். மெர்சேன் பகா எண்களைத் தேடுவது அதன் வேலை. இரண்டைப் பல முறை தன்னாலேயே பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் சில சமயம் பகா எண் கிடைக்கும். அதுதான் மெர்சேன் பகா எண். அதே வருடம் நவம்பரிலேயே முதல் எண் சிக்கியது. 2024 அக்டோபரில் இந்தத் திட்டம் கண்டுபிடித்த எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள்!

1997ல் 'டிஸ்ட்ரிபியூட்டட் டாட் நெட்' வந்தது. சங்கேதப் பூட்டுகளை எல்லாச் சாவியையும் போட்டுப் பார்த்தே திறந்துவிட முடியுமா என்று சோதிப்பதுதான் இவர்களின் விளையாட்டு. 56 பிட் நீளமுள்ள ஆர்.சி.5 சாவியை 1997 அக்டோபரில் உடைத்தார்கள். 64 பிட் சாவிக்கு 1,757 நாட்கள் பிடித்தன. 3,31,252 பேர் பங்கேற்று 2002ல் அதையும் முடித்தார்கள்.

இந்த விஷயத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது 'ஸெட்டி அட் ஹோம்'. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1999 மே 17 அன்று இதை வெளியிட்டது. போர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்த அரசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்த வானொலி இரைச்சலில் வேற்றுக்கிரகவாசிகளின் சமிக்ஞை ஏதாவது இருக்கிறதா என்று தேடும் ஸ்கிரீன் சேவர் அது. ஒவ்வொரு கணினிக்கும் சுமார் 350 கிலோபைட் அளவில் ஒரு பொட்டலம் போகும். மோடம் காலத்துக்கு ஏற்ற அளவு. காலப்போக்கில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் சேர்ந்தார்கள்.

ஓட்டைகள் இருந்தனவா?

இருந்தன. 2001ல் ஸெட்டி அட் ஹோம் சர்வரும் வீட்டுக் கணினிகளும் பேசிக்கொள்ளும் முறையில் இருந்த ஒரு பலவீனத்தைப் பயன்படுத்தி, பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளை யாரோ ஆயிரக்கணக்கில் சுருட்டிவிட்டார்கள். பிறகு அந்த வழி அடைக்கப்பட்டது.

2003 ஏப்ரலில் வெளிவந்த சங்கதி இன்னும் கவலைக்குரியது. ஸெட்டி மென்பொருளிலேயே 'பஃபர் ஓவர்ஃப்ளோ' எனப்படும் ஓட்டை இருப்பதை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்தார். சர்வரிலிருந்து வரும் பதில் எதிர்பார்த்ததைவிட நீளமாக இருந்தால், அது நினைவகத்தில் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து பக்கத்து இடத்தையும் பிடித்துக்கொள்ளும். எவனாவது ஸெட்டி சர்வர் போல நடித்து அப்படி ஒரு பதிலை அனுப்பினால், அந்தக் கணினியில் தன் இஷ்டப்படி எதையும் ஓட்டலாம். போதாக்குறைக்கு, கணினியைப் பற்றிய தகவல்கள் பூட்டில்லாமல் வெறும் எழுத்தாகவே இணையத்தில் போய்க்கொண்டிருந்தன. 3.08 என்ற புதிய பதிப்பில் ஓட்டை அடைக்கப்பட்டது.

லட்சக்கணக்கான கணினிகளில் இருந்த ஓட்டை! ஆனாலும் இணையத்தோடு பேசும் எந்த மென்பொருளுக்கும் இந்த ஆபத்து உண்டு. பிரவுசர்களில் இதைவிட மோசமான ஓட்டைகள் வருடா வருடம் வந்துகொண்டே இருந்தன. ஆகவே மென்பொருளைப் புதுப்பிக்காமல் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் இங்கே கற்க வேண்டிய முதல் பாடம்.

பைமர் என்ற புழு

நிஜமான தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2000ல் 'பைமர்' என்ற புழு பரவியது. கடவுச்சொல் இல்லாமல் நெட்வொர்க்கில் பகிரப்பட்டிருந்த விண்டோஸ் டிரைவ்களைத் தேடிப் பிடித்து, அங்கே டிஸ்ட்ரிபியூட்டட் டாட் நெட்டின் மென்பொருளை ஓசைப்படாமல் நிறுவிவிடும். அந்தக் கணினிகள் செய்யும் வேலையெல்லாம் புழுவை ஏவியவரின் கணக்கில் சேரும். சாவியைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசில் பங்கு உண்டு. தரவரிசைப் பட்டியலில் மேலே ஏறும் பெருமையும் உண்டு. அதற்காக ஒரு புழு!

இதில் கவனிக்க வேண்டியது, உள்ளே வந்த மென்பொருள் அசல்தான், அதில் விஷம் ஏதுமில்லை. ஆனால் கணினியின் சொந்தக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனைக்கும் அனுமதி இல்லாத கணினியில் தங்கள் மென்பொருளை நிறுவக் கூடாது என்பது அந்தத் திட்டத்தின் விதி.

வியாபாரிகளுக்கும் இந்த யோசனை வராமல் இல்லை. அமெரிக்காவில் இலவச இணைய இணைப்பு கொடுத்துவந்த ஜூனோ நிறுவனம் 2001ல் தன் ஒப்பந்த விதிகளை மாற்றியது. பயனர்களின் கணினியில் கணக்குப் போடும் மென்பொருளை இறக்கலாம், கணினியை எந்நேரமும் அணைக்காமல் வைத்திருக்கச் சொல்லலாம் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியது. 2002 ஏப்ரலில் கஸா என்ற பிரபலமான கோப்புப் பகிர்வு மென்பொருளோடு பிரில்லியன்ட் டிஜிட்டல் என்ற நிறுவனத்தின் மென்பொருளும் ஒட்டிக்கொண்டு வந்தது தெரியவந்தது. பயனர்களின் கணினித் திறனையும் இணைப்பையும் பிறருக்கு விற்பதுதான் திட்டம். சிறிய எழுத்தில் எழுதி, 'சம்மதம்' பொத்தானை அழுத்தவைத்து வாங்குவது சம்மதமா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. பிட்காயின் வந்த பிறகு, அடுத்தவர் கணினியில் திருட்டுத்தனமாகக் காசு தோண்டியவர்கள் நடந்ததும் இதே பாதையில்தான்.

அலுவலகக் கணினி யாருடையது?

இந்த வரலாற்றிலேயே அதிகம் அடிபட்டவர்கள் வைரஸால் அடிபட்டவர்கள் அல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் கணினி நிர்வாகி, 1999ல் கல்லூரிக் கணினிகளில் டிஸ்ட்ரிபியூட்டட் டாட் நெட் மென்பொருளை நிறுவினார். கல்லூரிக்கு ஆன செலவு 4 லட்சத்து 15 ஆயிரம் டாலர் என்று கணக்குக் காட்டினார்கள். நொடிக்கு 59 சென்ட் என்று பெருக்கி வந்த தொகை அது! குற்றங்கள் எல்லாம் நிரூபணமானால் 120 ஆண்டுகள் வரை சிறை என்ற நிலை. கடைசியில் 2002 ஜனவரியில் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,100 டாலர், 80 மணி நேரச் சமூக சேவை என்று சமரசமாக முடிந்தது.

2009ல் அரிசோனாவிலும் இதே கதை. ஒரு பள்ளி மாவட்டத்தின் தொழில்நுட்ப அதிகாரி ஆயிரக்கணக்கான பள்ளிக் கணினிகளில் ஸெட்டியை ஓட்டிவந்தது தெரிந்து பதவி விலக வேண்டியதாயிற்று. மின்கட்டணமும் தேய்மானமும் சேர்த்துப் பத்து லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம் என்றது நிர்வாகம். தொகை மிகையா இல்லையா என்று வாதிடலாம். ஆனால் அடுத்தவர் வீட்டு மாட்டைப் பிடித்துத் தானம் கொடுத்தால் புண்ணியம் யாருக்கு?

போயிங்க் போட்ட பூட்டுகள்

ஸெட்டியின் இயக்குநர் டேவிட் ஆண்டர்சன் 2002ல் 'போயிங்க்' என்ற பொதுவான தளத்தை உருவாக்கத் தொடங்கினார். 2004ல் ஸெட்டியே இதற்கு மாறியது. முந்தைய அனுபவங்களின் தழும்பு இதன் வடிவமைப்பில் தெரிகிறது.

முதல் பூட்டு, டிஜிட்டல் கையொப்பம். ஒவ்வொரு திட்டமும் தன் நிரலுக்கு ரகசியச் சாவி கொண்டு கையொப்பம் இட வேண்டும். அந்தச் சாவியை இணையத்தோடு இணைக்காத ஒரு கணினியில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். சர்வரையே ஒருவன் கைப்பற்றினாலும், கையொப்பம் இல்லாத நிரலை வீட்டுக் கணினி ஓட்டாது. இரண்டாவது, தனி அறை. திட்டங்களின் நிரல்களைக் குறைந்த உரிமையுள்ள தனிப் பயனர் கணக்கில் ஓடவைக்கலாம். வீட்டுக்காரரின் கோப்புகளை அது தொட முடியாது. விண்டோஸில் இந்த வசதியை நிறுவும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவது, மூல நிரல் திறந்தே இருக்கிறது. யாரும் படித்துப் பார்க்கலாம். ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரும் என்பதால், பொய் விடை அனுப்பும் பயனர்களைப் பிடிக்க ஒரே கணக்கை இரண்டு பேருக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிடும் ஏற்பாடும் உண்டு.

இவ்வளவு இருந்தும் ஒன்றை எந்தப் பூட்டாலும் செய்ய முடியாது. கையொப்பம் 'இது இந்தத் திட்டத்திலிருந்துதான் வந்தது' என்று சொல்லும். அந்தத் திட்டம் நல்லதா என்று சொல்லாது.

2024ல் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. 'உங்கள் பிரவுசரைப் புதுப்பியுங்கள்' என்று போலி அறிவிப்பு காட்டி மக்களை ஏமாற்றிய ஒரு கும்பல், அசல் போயிங்க் மென்பொருளையே அவர்கள் கணினியில் நிறுவியது. ஆனால் அது பேசியது கும்பலின் சொந்த சர்வரோடு. புரத ஆய்வு செய்யும் 'ரொசெட்டா அட் ஹோம்' திட்டத்தின் பெயரைப் போலவே அந்த சர்வருக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஹன்ட்ரஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் பார்த்தபோது அந்தப் போலி சர்வர்களில் பத்தாயிரம் கணினிகள் வரை இணைந்திருந்தன. பைமர் வந்து 24 வருடம் கழித்தும் அதே தந்திரம்தான்.

சூடும் மின்கட்டணமும்

கோப்புகள் பத்திரம் என்றாலும் கணினி பத்திரமா? புராசசர் முழு மூச்சாக ஓடினால் சூடேறும், விசிறி இரையும், மின்சாரம் செலவாகும். உதாரணத்துக்கு, கூடுதலாக 60 வாட் இழுக்கும் கணினி மாதம் முழுக்க ஓடினால் 43 யூனிட் ஆகிறது. அறிவியலுக்குக் கொடுப்பது இலவசம் இல்லை, மின்வாரிய ரசீதில் வரும்! தூசி அடைத்த கணினிக்கும் மெல்லிய மடிக்கணினிக்கும் இந்தச் சூடு நல்லதல்ல.

நல்ல நிலையில் உள்ள புராசசரை இந்தக் கணக்குகள் கெடுத்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் கோளாறைத்தான் அவை வெளியே கொண்டுவருகின்றன. கிம்ப்ஸின் 'பிரைம்95' நிரலைக் கணினியின் உறுதியைச் சோதிக்கவே பலர் ஓட்டுகிறார்கள். 2016ல் இன்டெலின் ஸ்கைலேக் புராசசர்கள் சில கணக்குகளில் உறைந்துபோகும் பிழை அம்பலமானதே இந்த நிரலால்தான். இன்டெல் அதை ஒப்புக்கொண்டு திருத்தம் கொடுத்தது. போயிங்கில் எத்தனை சதவீதம் புராசசரைக் கொடுப்பது, எந்த நேரத்தில் ஓடுவது, பேட்டரியில் ஓடலாமா என்றெல்லாம் சொல்லிவைக்க வசதி உண்டு.

ஆக...

ஆபத்து மூன்று வாசல் வழியாக வந்திருக்கிறது: புதுப்பிக்காத மென்பொருள், அசலின் பெயரில் வந்த போலி, கேட்காமல் எடுத்துக்கொண்ட கணினி. மூன்றுக்குமே வீட்டுக்காரர் கையில் மருந்து இருக்கிறது. திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குவது, பின்னால் எந்தப் பல்கலைக்கழகம் அல்லது ஆய்வகம் இருக்கிறது என்று பார்ப்பது, தனிக் கணக்கில் ஓடவிடுவது, சொந்தக் கணினியில் மட்டும் நிறுவுவது. இவ்வளவு செய்தால், வீட்டில் ஓடும் மற்ற மென்பொருள்களைவிட இது ஆபத்தானதல்ல.

ஸெட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31 அன்று புதிய பொட்டலங்கள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அதே வருடம் டிசம்பர் 1ல் அரசிபோ தொலைநோக்கியும் இடிந்து விழுந்தது. வேற்றுக்கிரகவாசி யாரும் பேசவில்லை. அதே மார்ச்சில் கொரோனா கிருமியின் புரதங்களை ஆராய 'ஃபோல்டிங் அட் ஹோம்' அழைத்தபோது லட்சக்கணக்கான புதியவர்கள் வந்து சேர்ந்தார்கள். கூட்டிப் பார்த்தால் அன்றைய பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்களையெல்லாம் மிஞ்சிய சக்தி. அத்தனை பேரும் ஒரு முகம் தெரியாத ஆய்வகத்தை நம்பிக் கதவைத் திறந்தார்கள். அந்த நம்பிக்கை கெட்டுப்போனால் அடுத்த முறை யாரும் திறக்க மாட்டார்கள். போலிகளால் வரும் பெரிய நஷ்டம் அதுதான்.