எழுத்துப் பட்டியலைத் திருத்துவோர் யார்?

கணிப்பொறியில் தமிழ் எழுதுவோர் அனைவரும், அறிந்தோ அறியாமலோ, ஒரே பட்டியலுக்குக் கட்டுப்பட்டவர்களே. அகரத்துக்கு இன்ன எண், ழகரத்துக்கு இன்ன எண் என வகுக்கும் அப்பட்டியலை ஒருங்குறி என்பர். பிறையில் தட்டிய மடல் யாழ்ப்பாணத்திலும் பிழையின்றித் தெரிவது இதனாலேயே. முன்பு நிறுவனத்துக்கு ஒரு குறிமுறை இருந்தது. அக்குழப்பத்தை நீக்கவே 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் அறிஞர் கூடினர்.

ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தது. தமிழுக்கு 128 கட்டங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டுக் குறிமுறையே அதற்கு அடிப்படை. நாகரி நெடுங்கணக்கை ஒட்டிய அவ்வரிசை தமிழறிஞர் பலருக்கு உவப்பாக இல்லை. உயிர்மெய்களுக்குத் தனியிடம் இல்லையே என்ற குறையும் எழுந்தது.

அப்பட்டியலில் ஓர் எழுத்தைச் சேர்க்க விரும்புவோர் அதன் வடிவையும் இயல்பையும் விளக்கி, அச்சுநூல், ஆவணம் முதலியவற்றிலிருந்து சான்று காட்டி விண்ணப்பிக்க வேண்டும். வல்லுநர் ஆராய்ந்தபின் ஒருங்குறி நுட்பக்குழு முடிவு செய்யும். அதன்பின் பன்னாட்டுத் தர அமைப்பின் குழுவில், உறுப்பு நாடுகளின் தர நிறுவனங்கள் வாக்களிக்கும். இவ்வளவு காவல் ஏனெனில், ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை நீக்கவோ, இடம் மாற்றவோ, பெயர் மாற்றவோ இயலாது. நம் ஆய்தம் அங்கே இன்றும் ‘விசர்க்கம்’ என்றே பெயர் பெற்றிருக்கிறது! தவறு என எல்லாரும் ஒப்புவர். ஓரத்தில் குறிப்பெழுதலாமே தவிர, பெயரைத் திருத்த வழியில்லை.

எழுத்தின் உருவம் மாறுவது வேறு செய்தி. 1978இல் தமிழக அரசு ஓர் ஆணையால் ‘ணை’, ‘றா’ போன்றவற்றின் பழைய வடிவங்களை மாற்றியது. பட்டியல் எண்ணைத்தான் குறிக்கும், வடிவத்தை அன்று. ஆதலின் அத்தகைய மாற்றத்துக்கு எழுத்துரு மாறினால் போதும்.

சேர்ப்பதிலும் இடர் உண்டு. 2005இல் ‘ஶ’ சேர்ந்தது. அதுவரை ‘ஸ்ரீ’ எனும் வடிவை ஸகரத்தைக் கொண்டே அமைத்தனர். பின்னர் ஶகரத்தாலும் அமைக்கலாயிற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கோ வெவ்வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமற் போகலாம்.

2010இல் எழுந்த பூசல் பெரிது. வடமொழி ஒலிகளுக்கான 26 குறிகளைத் தமிழோடு சேர்க்க ஒரு முன்மொழிவு வந்தது. கிரந்தத்துக்குத் தனிப்பகுதி வேண்டும் என்ற மற்றொன்றில், எகர ஒகரங்களும் ழ, ற, ன என்பனவும் இடம்பெற்றிருந்தன. தமிழுக்கே உரிய எழுத்துகள் கிரந்தத்துள் புகலாமா என்று தமிழ்நாட்டிலும் கடல் கடந்தும் எதிர்ப்பு மூண்டது. முடிவை ஒத்திவைக்குமாறு தமிழக அரசு மைய அரசைக் கேட்டது. விளைவு யாது? 26 குறிகளும் ஏற்கப்படவில்லை. கிரந்தம் 2014இல் ழ, ற, ன இன்றியே தனிப்பகுதியாயிற்று. வாக்குச்சீட்டு இல்லாத மக்களின் குரலும் அவைக்குள் எட்டியது எனலாம்.

2019இல் சேர்ந்தவற்றுக்கு அத்தகைய பகை இல்லை. முந்திரி, மாகாணி முதலிய பின்னங்களும் பழங்கணக்குக் குறிகளுமாக 51. முந்திரியாவது 320இல் ஒரு பங்கு. பல ஆண்டு ஆய்வுக்குப்பின் இவை வேறொரு தனிப்பகுதியில் இடம்பெற்றன. இவற்றுக்குச் சான்றாய் நின்றவை பழைய நிலக்கணக்குகளும் எண்சுவடிகளுமே.