கோட்டுக்கு வெளியே நின்றவர்
கிரிக்கெட் ஏடுகளில் ஜாக் வோரலுக்கு 11 டெஸ்டுகளும், 1896இல் மெல்பர்ன் கிளப் ஆட்டமொன்றில் குவித்த 417 ஓட்டங்களும் உண்டு. எனக்கோ அவருடைய ஆஸ்திரேலியக் கால்பந்து வாழ்க்கைதான் பெரிதாகத் தெரிகிறது. ஃபிட்ஸ்ராய் அணியின் தலைவராக ஆடியவர், 1902இல் கார்ல்டன் கிளப்பின் செயலாளரானார். ஆட்டக்காரர்களை வழிநடத்துவது அதுவரை அணித்தலைவரின் பாடு. வோரல் கோட்டுக்கு வெளியே நின்றபடி ஆள் தேடினார், பயிற்சி கொடுத்தார், ஒழுங்கு கேட்டார். புள்ளிப்பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த கார்ல்டன் 1906, 1907, 1908 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றது. அவர் கண்டிப்பு கசந்து ஆட்டக்காரர்கள் முரண்டு பிடிக்கவே, 1909இல் விலகினார். பிறகு எசண்டன் கிளப்புக்குப் போனார். 1911, 1912 இரண்டு ஆண்டும் பட்டம் அந்த அணிக்கே. முரண்டியவர்களுக்கு இதைவிடக் காரமான பதில் வேறென்ன வேண்டும்?